நான் கையெழுத்துப் போடாத ஏழாவது விதி

அன்றைய கூட்டம் நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியதற்குக் காட்டெருமைதான் காரணம். கோயிலுக்கு ஏறும் படிக்கட்டின் நடுவில் வந்து நின்றுகொண்டது. மேலே இருந்தவர்கள் மேலேயே நின்றோம். கீழே இருந்தவர்கள் கீழேயே நின்றார்கள். அது இரு தரப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தோன்றியபோது தேயிலைக்குள் இறங்கிப் போனது. குன்னூரில் இது ஏற்கத்தக்க காரணம். கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே எழுதினேன்: 'காட்டெருமை நிமித்தம் தாமதம்.'

வெலிங்டனுக்குக் கீழே, சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் உள்ள காலனி எங்களுடையது. உச்சியில் ஒரு மாரியம்மன் கோயில். அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை அங்கே ஊர்க்கூட்டம் நடக்கும். பதினொரு வருடமாக அந்தக் கோயிலுக்கு நான்தான் செயலாளர்.

அன்று ஒரே ஒரு வேலைதான். கோயிலுக்கு முதன்முறையாக விதிமுறைகள் எழுதிப் பதிவு செய்திருந்தோம். ஏழாவது விதியின்படி நிர்வாகிகள் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'இத்திருக்கோயில் தெய்வத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

தலைவர் பழனிசாமி முதலில் போட்டார். பாதுகாப்புத் துறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அந்த வேலையில் வரும் பழக்கம். பொருளாளர் போட்டார். படிவம் என்னிடம் வந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். வாக்கியத்தைப் படித்தேன். மூடியைத் திரும்பப் போட்டேன்.

"என்னுங்க சார், பேனா எழுதலீங்களா?" என்றார் பழனிசாமி.

"பேனா எழுதுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை."

"பேனா மேலயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

"கடவுள் மேல்," என்றேன்.

சிரிப்பு நின்றது. நான் எழுதுவது போலத்தான் பேசுவேன். ஆபீசில் என் பட்டப்பெயர் 'சர்க்குலர்'. சர்க்குலர் வேடிக்கை செய்யாது என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுதியவன் நானே

அந்த விதியை எழுதியது யார் என்று இதற்குள் வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். நான்தான்.

வேறு சில கோயில்களின் விதிமுறைகளை வாங்கிப் படித்து, நல்லவற்றைப் பொறுக்கித் தொகுத்தேன். கோயிலை நடத்துகிறவருக்கு அந்தக் கோயிலின் தெய்வத்தில் நம்பிக்கை இருக்க வேண்டும் என்பது நியாயமான விதி. நியாயமாக இருந்ததால் சேர்த்தேன். 'நிர்வாகி' என்ற சொல்லுக்குள் நானும் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது, படிவம் கைக்கு வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தாறு வருடம் நிர்வாகப் பிரிவில் அடுத்தவர்களுக்கு விதி படித்துச் சொன்னவனுக்கு வரும் கோளாறு இது. விதி என்றால் அது மற்றவர்களுக்கானது.

சரி, நம்பிக்கையில்லாத ஒருவன் பதினொரு வருடம் அங்கே என்ன செய்தான்?

நான் ஓய்வு பெற்ற புதிதில், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி கேட்டுப் போன மனுவைக் காவல் நிலையத்தில் இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். பழனிசாமி என் வீட்டுக் கதவைத் தட்டினார். மனுவைப் பார்த்தேன். யாருக்கு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற மூன்றும் அதில் இல்லை. அம்மனின் அருள் மட்டும் இருந்தது. மாற்றி எழுதிக் கொடுத்தேன். அன்று மாலையே அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓய்வுக்குப் பிறகும் குன்னூரிலேயே தங்கிவிட்டேன். வேறு எந்த ஊரின் பஸ் நேரமும் எனக்கு மனப்பாடம் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தவிர என் கதவைத் தட்ட ஆள் கிடையாது. செயலாளர் ஆன பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை யாராவது தட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை படியேறிப் போனால், "வாங்க சார்" என்று குறைந்தது ஐந்து பேர் சொன்னார்கள். எனக்கு அந்தக் கோயிலில் இருந்தது அவ்வளவுதான். அது குறைவல்ல.

இளநீருக்கு முன்னால் தயிர்

இன்னொன்றும் இருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூஜை பிடிக்கும்.

அபிஷேகத்தில் எண்ணெய், மஞ்சள், பால், தயிர், இளநீர், சந்தனம் என்று எங்கள் கோயிலில் ஒரு வரிசை உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக, போன வாரம் போலவே இந்த வாரமும். உலகத்தில் எத்தனை காரியங்கள் அப்படி நடக்கின்றன? பூசாரி கவனக் குறைவாகத் தயிருக்கு முன் இளநீரை எடுத்தால் நான் லேசாக இருமுவேன். அவர் தயிரை எடுப்பார். "சாருக்கு எவ்வளவு பக்தி பாருங்க" என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

எனக்குத் தாங்காதது தீபாராதனை நேரம்தான். கரண்டில் ஓடும் மேள மெஷின் ஒன்று உண்டு. முரசும் மணியும் சேர்ந்து தானாக அடித்துக்கொள்ளும். அதைப் போட்டால் என் பல்வரிசைக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். சுவிட்சுக்குக் கை போவதற்கு முன்பே வெளியே வந்து, காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

அங்கே எனக்கு முன்பே இன்னொருவர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். பழனிசாமியின் தங்கை மல்லிகா. நாற்பத்தைந்து வயது இருக்கும். தேயிலை பேக்டரியில் தூள் பிரிக்கும் வேலை. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். பேசினால் சுற்றிவளைக்க மாட்டார்.

மல்லிகாவுக்கு அம்மன் மீது இருந்த நம்பிக்கையைப் போல நான் எங்கும் கண்டதில்லை. மார்கழிப் பனியில் அம்மனுக்குக் குளிர்கிறது என்று ஒரு கம்பளி கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அது உவமையோ சடங்கோ அல்ல. அம்மனுக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான்.

"அம்மனுக்கு இந்த மெசினு சத்தம் ஆகறதில்லீங்க. எங்கிட்டச் சொல்லுச்சு," என்று ஒருமுறை சொன்னார்.

அம்மனுக்குப் பிடிக்காதவை எல்லாம் மல்லிகாவுக்கும் பிடிக்காதவையாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். நான் பார்த்த பக்தர்கள் எல்லோருக்குமே அப்படித்தான். மல்லிகா அதை வெளியே சொல்கிறார்.

பதில் வராத கடிதம்

எனக்கு எட்டு ஒன்பது வயதில், அப்பா என்னைப் பூஜை அறையில் நிறுத்தி, "என்ன வேண்டுமோ சாமியிடம் கேள்" என்றார். கணக்கு வாத்தியார் சத்தமாகப் பேசாமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு அங்கேயே நின்றேன்.

"ஏன் நிற்கிறாய்?"

"பதிலுக்கு."

"உடனே வராது."

"எத்தனை நாளில் வரும்?"

கன்னத்தில் ஓர் அறைதான் பதிலாக வந்தது. அதன் பிறகும் ஒரு மாதம் காத்திருந்தேன். பள்ளி விடுமுறை மனுவுக்கே ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். பதில் வராத இடத்தில் அலுவலகம் இல்லை என்று முடிவு செய்தேன். வளர்ந்தபின் தடித்த புத்தகங்கள் பல படித்தேன். முடிவு மாறவில்லை.

சரி, நம்மைப் போன்றவர்கள் எங்கேயாவது இருப்பார்கள் என்று கோயமுத்தூரில் ஒரு நாத்திகர் கூட்டத்துக்கு ஒருமுறை போனேன். வாசலில் தலைவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மேடையில் நாலு ஒலிபெருக்கி. ஒருவர் முழக்கம் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே எனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. மேட்டுப்பாளையம் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா சொன்ன பெயர்

அறுபது தாண்டிய பிறகு, சத்தம் தாங்கவில்லை என்று காது டாக்டரிடம் போனேன். காது தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். சில கேள்விகள் இரண்டு பொருள் தருவதை ஓரத்தில் குறித்து, திருத்தங்களோடு திருப்பிக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்.

ஆட்டிசம் என்றார். பிறந்ததிலிருந்தே இருப்பது, நோயல்ல, மனம் வேலை செய்யும் ஒரு விதம் என்றார். எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன்.

பேச்சோடு பேச்சாக, கோயில் செயலாளர் என்றும் நம்பிக்கை இல்லாதவன் என்றும் சொன்னேன். "உங்களைப் போன்றவர்களில் சிலருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் தன்னைக் கவனிக்கிறார் என்று நினைப்பதே கஷ்டமாக இருக்கும். சிலர் மிகத் தீவிரமாக நம்புவார்கள். இரண்டு வகையும் என்னிடம் வருகிறார்கள்," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் அதையே யோசித்தேன். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனதில் என்ன ஓடுகிறது என்பதே எனக்குப் பிடிபடாது. கோபமாக இருக்கிறார்களா, பசியாக இருக்கிறார்களா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவன் கருவறைக்குள் இருப்பதாகச் சொல்லப்படுபவரின் மனதை எங்கே போய் அறிவது? டாக்டரம்மா சொன்னதில் நியாயம் இருந்தது.

கோபமும் வந்தது. ஐம்பது வருடம் படித்து, எனக்கு நானே வாதாடி, யாருடைய துணையும் இல்லாமல் எட்டிய முடிவு ஓர் அறிகுறிதானா? சத்தம் தாங்காது, கண்ணைப் பார்க்க மாட்டார், கடவுள் இல்லை என்பார் என்று மூன்றாவது வரியில் எழுதிவிடலாமா? அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரின் பக்தி எந்தப் பட்டியலில் வரும்?

முப்பது பேருக்குத் தெரிந்தது

கொட்டகைக்குத் திரும்புகிறேன். படிவம் என் முன்னால் இருக்கிறது. தகரத்தில் பனி உருகிச் சொட்டுகிறது.

"கையெழுத்துதானுங்க சார்," என்றார் பொருளாளர். "போட்டுப்போட்டு அடுத்த வேலையப் பாருங்க. சாமி என்ன வந்து சரிபாக்கவா போகுது?"

சாமி இருக்கிறது என்று ஒரு நிமிடம் முன்புதான் கையெழுத்துப் போட்டிருந்தார். சாமி பார்க்காது என்ற தைரியத்தில் பொய் எழுதச் சொல்கிறவர் பக்தர். பார்க்க யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தும் எழுத முடியாதவன் நாத்திகன். இதை அங்கே சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

பழனிசாமி எழுந்தார். "சார் சொல்றத யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு வருசமா மழை பனி பாக்காம இந்தக் கோயிலுக்கு ஓடுனவரு. நம்பிக்கை இல்லாத மனுசன் இப்புடி ஓடுவானுங்களா? அது அவருக்குள்ள இருக்குதுங்க. அவருக்கே தெரியலீங்க."

கை தட்டினார்கள். முப்பது பேர் இருப்பார்கள். பணிக்காலத்தில் பல விதமாக அவமானப்பட்டிருக்கிறேன். கைதட்டலோடு பட்டது அன்றுதான். நான் அங்கேயே இருக்கலாம், எல்லோருக்கும் சம்மதம். நான் சொன்னதை யாரும் நம்பாமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

"அவரு இல்லைங்கறாரு," என்றது ஒரு குரல். மல்லிகா. கூரையின் ஆணிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "அப்புறம் நீங்க எப்புடி இருக்குதுங்கறீங்க?"

"நீ சும்மா உக்காரு," என்றார் அண்ணன்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்ணா. இல்லைன்னா இல்லதான். இல்லாதவங்க கையெழுத்துப் போடக் கூடாது. அம்மனுக்குப் பொய்க் கையெழுத்து ஆகாது."

"அப்ப செக்ரட்டரிய மாத்தோணுங்கறயா?"

"ஆமா. ரூல்ல அப்புடித்தானே இருக்குது."

என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட முதல் ஆள் என்னை வெளியேற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உறுப்பினர் கூறுவது விதிப்படி சரி," என்றேன். அதே இடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'விதி ஏழில் கூறப்பட்ட நம்பிக்கை எனக்கு இல்லை' என்று எழுதினேன்.

வர்க்கிப் பொட்டலம்

மறுநாள் மத்தியானம் பழனிசாமி ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டோடு வந்தார். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி எதிர் வீடு மறைந்திருந்தது. என் ராஜினாமாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"இத நான் கிழிச்சர்றனுங்க. ஒடம்பு சரியில்லைன்னு வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒரு வருசம் கழிச்சு, சரியாயிருச்சுன்னு மறுபடி வந்துருங்க."

"எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது."

"சாமி இல்லைங்கற ஆளப் பதினோரு வருசம் செக்ரட்டரியா வெச்சிருந்தோம்னா பக்கத்து ஊருக்காரன் என்னைய என்னம்பான்? எனக்கோசரம் எழுதுங்க." ஒரு வர்க்கியை எடுத்து உடைத்தார். "கோயமுத்தூர் டாக்டரம்மா என்னமோ பேரு சொன்னாங்கன்னீங்களே. அதையே எழுதுங்க. அதுனாலதான் நம்பிக்கை வரலைன்னு."

"அது நோயல்ல. அதனால்தான் என்பதும் நிரூபணம் ஆகவில்லை. அதே பெயர் உள்ள சிலர் அளவுக்கு மேல் நம்புவார்கள் என்றும் அந்த அம்மா சொன்னார்."

வர்க்கியை உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அளவுக்கு மேலன்னா?"

அவர் யாரை நினைக்கிறார் என்பது, முகம் படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

"நான் டாக்டர் இல்லை," என்றேன். "அடுத்தவருக்குப் பெயர் வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

தேநீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு எழுந்து போனார். என் தாளை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிப்பாரா மாட்டாரா என்று சொல்லவில்லை.

புதிய செயலாளர் கவிதா டீச்சர். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கெட்டிக்காரர். அவருக்காக ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எந்த மனு எங்கே, எத்தனை நகல், யார் மேசைக்கு முதலில், அவர் இல்லாவிட்டால் யாரிடம் என்று எதையும் விடவில்லை. முதல் வாரம் இரண்டு சந்தேகம் கேட்டுப் போன் செய்தார். பிறகு செய்யவில்லை. குறிப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அந்த மாதம் கேஸ் சிலிண்டர் ஒன்று வந்தது. வேறு யாரும் கதவைத் தட்டவில்லை. தினமும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், எந்தப் பஸ் தாமதம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

குறிப்பு வாசித்தல்

அடுத்த மாத முதல் ஞாயிறு, காலனிக்காரன் என்ற உரிமையில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "வாங்க சார், ஒடம்பு இப்பப் பரவால்லீங்களா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று சற்று நேரத்தில் புரிந்தது.

போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது நான் வைத்த முறை. நான் எழுதி நிறுத்திய வரிக்குக் கீழே தான் எழுதியிருந்ததை டீச்சர் வாசித்தார். 'செயலாளர் அவர்கள் உடல்நலக் குறைவு காரணமாகப் பதவி விலகினார். அன்னாரது சேவையை இக்கூட்டம் பாராட்டுகிறது.'

"ஆட்சேபணை இருக்குங்களா?" என்றார் பழனிசாமி. என்னைப் பார்க்கவில்லை.

எழுந்து மறுக்க எனக்கு உரிமை உண்டு. நான் எழவில்லை. எத்தனையோ பேருடைய பொய் மருத்துவச் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஆனால் அந்த ஒரு மாதத்தை இன்னொரு முறை கழிக்க என்னால் முடியும் என்று தோன்றவில்லை. அந்த வாக்கியம், எனக்காகத் திறந்து வைத்த கதவு. ஒரு வருடம் கழித்து உடம்பு சரியாகிவிட்டது என்று உள்ளே வந்துவிடலாம். மீண்டும் யாராவது தட்டுவார்கள். அதற்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்பா எழுதியிருக்குது டீச்சர்."

மல்லிகா எழுந்து நின்றிருந்தார்.

"சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தெனமும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிட்டு வாராரு. நான் பேக்டரியிலிருந்து பாக்கறேன். அவருக்கு நம்பிக்கைதான் இல்ல. அதுக்குத்தான் போனாரு. அத எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள். "மல்லிகா, ஊட்டுக்குப் போ," என்றார் பழனிசாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"திருத்தாம நான் போக மாட்டேன்."

பழனிசாமி இப்போது என்னைப் பார்த்தார். "சார், நீங்களே சொல்லீருங்க. ஒடம்புக்கு முடியாமத்தானுங்களே?"

முப்பது முகங்களும் திரும்பின. எந்த முகத்திலும் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. பழனிசாமியின் முகத்தில் மட்டும் கெஞ்சல் இருந்ததாக நினைக்கிறேன். மல்லிகா என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"உறுப்பினர் கூறுவது சரி," என்றேன். "குறிப்பில் திருத்தம் தேவை."

டீச்சர் சிவப்பு மையால் அடித்து எழுதினார். முறைப்படி உரக்க வாசித்தார். 'தெய்வ நம்பிக்கை இல்லாததால் செயலாளர் பதவி விலகினார்.' பழனிசாமி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இம்முறை படித்துவிட்டுப் போட்டார். வழக்கமாக வரும் டீத் தம்ளர் என் பெஞ்சு வரை வரவில்லை. மல்லிகா, "இப்பச் சரியா இருக்குது," என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஞாயிறு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் கேட்டு மறுநாள் மனுக் கொடுத்தேன். ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. விதிப்படி ஏழு நாளில் தர வேண்டும், ஐந்தாம் நாளே கொடுத்தனுப்பினார். யாரோ தட்டாமல் கதவடியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். கையால் எழுதி, கீழே கோயில் முத்திரை குத்தியிருந்தது. வட்டத்துக்குள் அம்மன் உருவம், சூலம், கொஞ்சம் மை அதிகம். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதற்கு மாரியம்மனின் முத்திரை வைத்த சான்று இந்த மலையில் என்னிடம் மட்டும்தான் இருக்கும்.

மேசை மேல், கதவைத் திறந்தால் தெரியும்படி வைத்திருக்கிறேன். வருகிற யாரிடமாவது காட்ட வேண்டும். இதுவரை யாரும் வரவில்லை.